டம்பர் விடும் கார்பனை அளப்பது எப்படி? பவுசரிலிருந்து அறிக்கை வரை ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரில் இருக்கும் சுரங்க நிறுவன அலுவலகங்களிலும், அவற்றுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஆலோசனை நிறுவனங்களிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு, ஐ.டி. பக்கம் போகாமல் ‘சஸ்டைனபிலிட்டி’ பிரிவில் வந்து உட்கார்ந்தவர்கள். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். எனப்படும் வணிகப் பொறுப்பு, நீடித்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி கட்டாயமாக்கிய பிறகு இந்த வேலைக்கு ஆள் தேவை கூடிவிட்டது. சேர்ந்த சில நாட்களிலேயே பெல்லாரிப் பக்கத்துச் சுரங்கம் ஒன்றிலிருந்து ஒரு எக்செல் வந்து சேரும். மண்ணும் தாதுவும் சுமக்கும் டம்பர் இத்தனை, அதில் அள்ளிப் போடும் ஷவல் இத்தனை, டோசர், கிரேடர், தண்ணீர் டேங்கர் இத்தனை என்று ஒரு பட்டியல். இதற்கெல்லாம் கார்பன் எவ்வளவு என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

சைலன்சரில் எந்தக் கருவியை மாட்டுவது என்பதுதான் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. ஆண்டறிக்கைக்கான கணக்கு என்றால் எதையும் மாட்ட வேண்டாம். டீசல் எத்தனை லிட்டர் எரிந்தது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடு தானாக வந்துவிடும். கல்யாண வீட்டில் எவ்வளவு அரிசி செலவானது என்று பார்க்க யாரும் இலை இலையாக நிறுப்பதில்லை, ஸ்டோர் ரூமில் மூட்டையை எண்ணுவார்கள். இங்கேயும் அப்படித்தான். ஆனால் அந்த மூட்டை எண்ணிக்கையை ஒழுங்காக எடுப்பதில்தான் பாதி உழைப்பு போகும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பாதி இடம் அதற்கே.

லிட்டரை வைத்துச் சொல்ல முடிவது ஏன்?

டீசலின் எடையில் சுமார் 86 சதவீதம் கார்பன். எஞ்சினுக்குள் எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 எடையுள்ள கார்பன் 44 எடையுள்ள கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. 0.86ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 3.15 வரும். அதாவது ஒரு கிலோ டீசல் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோகூட இல்லையே, அது எப்படி இரண்டரை கிலோவுக்கு மேல் வாயுவை வெளியிடும் என்று மேலதிகாரி கேட்டால் இதுதான் பதில்: மிச்ச எடை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன்.

நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சினில் எரியாமல் கரிப்புகையாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் போகும் கார்பன் மிகச் சொற்பம். அதனால் உள்ளே போன கார்பன் முழுவதும் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வந்தது என்று வைத்துக்கொள்வதுதான் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. காட்டும் முறையும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சாலை வண்டிகளுக்கு எடுக்கும் பி.யு.சி. சான்றிதழ் இந்தக் கணக்குக்கு உதவாது. டீசல் வண்டிக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை, அதாவது ஒளி எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதை. கார்பன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாத வாயு. கறுப்பாகப் புகை விடாத வண்டியும் எரித்த டீசலுக்கு ஏற்ற கார்பனை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

முதல் படி: யாருடைய வண்டி, யாருடைய கணக்கு?

இந்தியச் சுரங்கங்களில் மேல்மண் அகற்றும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களிடம்தான் இருக்கிறது. பள்ளத்தில் ஓடும் வண்டிகளில் கணிசமானவை நிறுவனத்தின் சொந்த வண்டிகளாக இருக்காது. அவற்றின் கார்பனை ஸ்கோப் 1இல் (நிறுவனத்தின் நேரடி உமிழ்வு) வைப்பதா, ஸ்கோப் 3இல் (நிறுவனத்துக்காகப் பிறர் விடும் உமிழ்வு) வைப்பதா என்று கேள்வி வரும். ஜி.எச்.ஜி. புரோட்டோகால் எனப்படும் உலகளாவிய கணக்கு நெறிமுறை இதற்கு வழி தருகிறது. நிறுவனம் தன் எல்லையைப் பங்கு உரிமையை வைத்து வகுக்கலாம், நிதிக் கட்டுப்பாட்டை வைத்து வகுக்கலாம், அல்லது செயல்பாட்டுக் கட்டுப்பாட்டை வைத்து வகுக்கலாம். இங்கே பலரும் எடுப்பது மூன்றாவதை. இயக்க விதிகளை அமல்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அதன் அளவுகோல்.

ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள். டீசலை நிறுவனமே ஊற்றுகிறது, ஒப்பந்தக்காரர் வண்டியும் ஆளும் மட்டும் தருகிறார் என்றால் லிட்டர் கணக்கு உங்கள் பவுசரிலேயே, அதாவது வண்டிகளுக்கு டீசல் ஊற்றப் போகும் டேங்கரிலேயே, இருக்கிறது. அவரே டீசல் போட்டுக்கொள்கிறார் என்றால், மாதாமாதம் லிட்டர் விவரம் தர வேண்டும் என்ற ஒரு வரியை அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பிலாவது சேர்க்கச் சொல்லுங்கள். எந்த ஸ்கோப்பில் வைத்தாலும் சரி, ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் வையுங்கள். சொந்த வண்டிகளை விற்றுவிட்டு ஒப்பந்தத்துக்கு மாறிய ஆண்டில் ஸ்கோப் 1 சரிந்ததை ‘உமிழ்வுக் குறைப்பு’ என்று எழுதுவது ஏமாற்று வேலை. அதைத் தணிக்கையாளர் கண்டுபிடிக்காவிட்டாலும் அது ஏமாற்றுதான்.

இரண்டாம் படி: வண்டிப் பட்டியல்

இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எண், வகை, எஞ்சின் மாடல், குதிரைத்திறன், வாங்கிய ஆண்டு, சொந்தமா வாடகையா என்று ஒரு வரி போதும். பள்ளத்துக்குள் மட்டுமே ஓடும் ஆஃப்-ஹைவே டம்பரையும், பதிவெண் பெற்றுச் சாலையிலும் ஓடும் டிப்பரையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஏன் என்பது நான்காம் படியில் தெரியும். பழைய இயந்திரத்தின் விவரக் கையேடு கிடைக்கவில்லை என்றால் பெங்களூரில் இருப்பது ஒரு வசதி: பெமல் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான், டம்பர்கள் மைசூரிலும் டோசர், எக்ஸ்கவேட்டர்கள் கே.ஜி.எஃப்.பிலும் செய்யப்படுகின்றன. அந்த ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர்கள் கே.ஜி.எஃப். பக்கம் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் மாடலைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் படி: டீசல் கணக்கு

இந்தப் படிக்காக ஒருமுறையாவது சைட்டுக்குப் போய் வாருங்கள். இரவு பெங்களூரில் ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெல்லாரி, ஹொஸ்பேட் பக்கம் இறங்கலாம். எக்செல்லில் தெரியாத பல விஷயங்கள் டீசல் பங்க் அருகே அரை நாள் நின்றால் தெரிந்துவிடும். ஆபரேட்டர்களில் தமிழ் பேசும் ஆள் ஒருவர் இருந்துவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

அடிப்படைச் சமன்பாடு இதுதான்: மாதத் தொடக்க இருப்பு, அதோடு வாங்கியது, அதிலிருந்து மாத இறுதி இருப்பைக் கழித்தால் வெளியே போன டீசல். வாங்கியதற்கு இன்வாய்ஸ் இருக்கும். அதை நம்பலாம், ஏனென்றால் அதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். இருப்பு என்பது டிப் ராடை விட்டு அளந்து, தொட்டியின் அட்டவணையைப் பார்த்து எழுதும் எண். தொட்டி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், அட்டவணை வேறு தொட்டிக்கானதாக இருந்தாலும் எண் மாறும். மாத இறுதியில் அளப்பதை அடுத்த நாள் மதியம் அளந்தால் ஒரு ஷிஃப்ட் டீசல் அடுத்த மாதத்துக்குத் தாவிவிடும்.

இரண்டாவது கணக்கு, பவுசர் ஒவ்வொரு வண்டிக்கும் ஊற்றியதற்கான சீட்டுகள். மொத்தச் சமன்பாட்டில் வரும் லிட்டரும் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. சரியாக ஒன்றாக இருந்தால் யாரோ உட்கார்ந்து சரிக்கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு சதவீத வித்தியாசம் வரை நான் கேள்வி கேட்பதில்லை. ஐந்தைத் தாண்டினால் மீட்டர் பழுது, களவு, எழுதாமல் விட்ட சீட்டு ஆகிய மூன்றில் ஒன்று. பவுசர் ஓட்டுபவர்களிடம் பேசிப் பாருங்கள்: தொட்டி காலியாகும் நேரத்தில் குழாயில் காற்று புகுந்து, மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும் என்பது அவர்களுக்குத் தெரியும். காற்றுப் பிரிப்பான் வேலை செய்கிறதா என்று ஃபிட்டரிடம் கேளுங்கள். அளவு முத்திரையிட்ட குடுவையில் பிடித்து மீட்டரைச் சரிபார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த அறிக்கைக்கு இன்வாய்ஸ் சார்ந்த கணக்கையே பயன்படுத்துங்கள். சீட்டுகள், அந்த மொத்தத்தை வண்டிவாரியாகப் பிரிக்க மட்டும்.

அப்புறம், வெளியே போன டீசல் எல்லாம் வண்டிக்குப் போனதில்லை. வெடிவைக்கப் பயன்படும் ஏ.என்.எஃப்.ஓ. கலவையில் எடைக்கு எடை 94 பங்கு அம்மோனியம் நைட்ரேட், 6 பங்கு டீசல். சைட்டிலேயே கலந்தால் அந்த டீசலும் அதே தொட்டியிலிருந்துதான் போகும். அதை வெடிபொருள் தலைப்பில் தனியாகக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர், லைட்டிங் டவர், ஒர்க்ஷாப்பில் பாகங்கள் கழுவ எடுத்தது எல்லாவற்றையும் இப்படியே பிரியுங்கள். கார்பன் எங்கும் ஓடிப்போகாது. தலைப்பு மாறினால் காரணி, அதாவது இவ்வளவு எரிபொருளுக்கு இவ்வளவு வாயு என்ற எண், மாறும். அதற்காகத்தான் பிரிக்கிறோம்.

ஒப்பந்தக்காரரின் டிப்பர்கள் வெளியில் உள்ள பெட்ரோல் பங்க்கில் டீசல் போட்டு, ரூபாய் பில்லை மட்டும் தந்தால் என்ன செய்வது? அந்தத் தேதியின் விலையால் வகுக்க வேண்டும். 2017 ஜூனிலிருந்து நாடு முழுவதும் பங்க் விலையைத் தினசரி மாற்றலாம் என்ற முறை இருப்பதால், ஆண்டுச் சராசரி விலையைப் போடாதீர்கள். மொத்தமாக வாங்கும் நிறுவனங்களுக்கான விலையும் சில்லறை விலையும் வேறு வேறு. எந்த மாநிலத்துப் பங்க் என்பதையும் பாருங்கள்.

இனி வெப்பநிலை. பலரும் தாண்டிப் போகும் இடம் இது. டீசல் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.083 சதவீதம் விரிவடைகிறது. 15 டிகிரியில் லிட்டருக்கு 0.84 கிலோ இருக்கும் டீசல், பெல்லாரி வெயிலில் 40 டிகிரியைத் தொட்டால் 0.823 கிலோதான். லிட்டர் அதேதான், எடை இரண்டு சதவீதம் குறைவு. கார்பன் ஒட்டியிருப்பது எடையோடு. டேங்கரோடு வரும் சலானில் 15 டிகிரிக்கான அடர்த்தி எழுதியிருக்கும். உங்கள் லிட்டர் எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதைத் தெரிந்துகொண்டு, அடர்த்தியையும் அதே வெப்பநிலைக்கு மாற்றுங்கள். ஒன்றை 15 டிகிரியிலும் மற்றதை 40 டிகிரியிலும் எடுத்துப் பெருக்குவதுதான் தவறு.

நான்காம் படி: எந்தக் காரணி?

ஐ.பி.சி.சி. 2006 வழிகாட்டியின் இயல்புநிலை எண்கள் இவை. டீசலின் நிகர வெப்ப மதிப்பு டன்னுக்கு 43 கிகாஜூல். ஒரு டெராஜூலுக்குக் கார்பன் டை ஆக்சைடு 74,100 கிலோ. இந்த எண்ணில் பெரிய சண்டை இல்லை. வழிகாட்டியே தரும் வீச்சு 72,600 முதல் 74,800 வரைதான்.

டீசல் எரியும்போது கொஞ்சம் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் சேர்ந்தே வரும். அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சண்டை நைட்ரஸ் ஆக்சைடில். சாலையில் ஓடும் டீசல் வண்டிக்கு டெராஜூலுக்கு 3.9 கிலோ என்கிறது வழிகாட்டி. சாலைக்கு வெளியே, தொழிற்பயன்பாட்டில் ஓடும் டீசல் இயந்திரத்துக்கு 28.6 கிலோ. ஏழு மடங்குக்கும் மேல். மீத்தேன் முறையே 3.9, 4.15 கிலோ. அதில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நைட்ரஸ் ஆக்சைடின் புவி வெப்பமாக்கும் திறன் ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கைப்படி கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு. அதனால் சிறு கிலோவும் பெரிய டன்னாகிவிடும்.

கற்பனையான ஒரு சுரங்கத்தின் ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்க இருப்பு 38,000 லிட்டர், வாங்கியது 2,16,000, இறுதி இருப்பு 29,000. வெளியே போனது 2,25,000 லிட்டர். அதில் வெடிக்கலவைக்கு 9,000, ஜெனரேட்டருக்கு 6,000. மிச்சம் 2,10,000 லிட்டர் வண்டிகளுக்கு. எல்லா அளவும் சராசரியாக 30 டிகிரியில் எடுத்ததாக வைத்துக்கொண்டால் அடர்த்தி லிட்டருக்கு 0.83 கிலோ. எடை 174.3 டன். 43ஆல் பெருக்கினால் சுமார் 7,495 கிகாஜூல், அதாவது 7.495 டெராஜூல்.

கார்பன் டை ஆக்சைடு: 7.495ஐ 74.1 டன்னால் பெருக்கினால் 555.4 டன். மீத்தேன் 31 கிலோ. புதைபடிவ மீத்தேனுக்கான வெப்பமாக்கும் திறன் 29.8ஆல் பெருக்கினால் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமானம். நைட்ரஸ் ஆக்சைடு 214 கிலோ. 273ஆல் பெருக்கினால் 58.5 டன் சமானம். மொத்தம் 614.8 டன்.

அதே டீசலுக்குச் சாலைக் காரணிகளைப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு 8 டன்னாகச் சுருங்கி, மொத்தம் 564.2 டன் ஆகிவிடும். ஒரு லிட்டர்கூட மிச்சப்படுத்தாமல் 50 டன் மறைந்துவிட்டது. வண்டிப் பட்டியலில் டம்பரையும் டிப்பரையும் பிரிக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: டம்பர், ஷவல், டோசருக்குச் சாலைக்கு வெளியிலான காரணி, பதிவெண் உள்ள டிப்பருக்குச் சாலைக் காரணி.

28.6 என்பது உறுதியான எண் இல்லை என்பதும் உண்மை. வழிகாட்டியே 14.3 முதல் 85.8 வரை வீச்சு தருகிறது. ஆகவே நம் உதாரணத்தின் 58.5 டன், 29ஆகவும் இருக்கலாம், 175ஆகவும் இருக்கலாம். இதனால்தான் வாயுவாரியாகப் பிரித்துக் காட்டும்படி நான் வற்புறுத்துவேன். 555 டன் கார்பன் டை ஆக்சைடு என்ற எண்ணை யாரும் பெரிதாக அசைக்க முடியாது. அதன் மேல் ஒட்டியிருக்கும் நைட்ரஸ் ஆக்சைடுதான் ஆடும்.

இணையத்தில் கிடைக்கும் பிரிட்டிஷ் அரசின் காரணி அட்டவணையை அப்படியே எடுத்துப் போடும் பழக்கம் நம் அலுவலகங்களில் இருக்கிறது. அதில் டீசலுக்கு இரண்டு வரிகள் உண்டு. அந்நாட்டு பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பயோடீசல் கலந்த டீசலுக்கு ஒன்று, முழுக் கனிம டீசலுக்கு மற்றொன்று. 2023 பதிப்பில் முதலாவது லிட்டருக்குச் சுமார் 2.51 கிலோ, இரண்டாவது சுமார் 2.66 கிலோ. அங்குள்ள கலப்பு விகிதத்தைப் பெல்லாரி டீசலுக்குப் பொருத்தினால் ஐந்தாறு சதவீதம் காரணமே இல்லாமல் குறைந்துவிடும். உங்கள் தொட்டிக்கு உண்மையிலேயே பயோடீசல் வந்தால், அதன் கார்பன் டை ஆக்சைடை ஸ்கோப்புகளுக்கு வெளியே தனி வரியாகக் காட்டுங்கள்.

சின்ன விஷயம் ஒன்று. பி.எஸ். 6 உமிழ்வு விதிப்படி வந்த டிப்பர்களில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றுவார்கள். அதில் யூரியா 32.5 சதவீதம், அதுவும் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு விடும், லிட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோ. மொத்தத்தில் தூசுதான், ஆனாலும் தணிக்கையில் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: வண்டிவாரியாகப் பிரிப்பது

மொத்தம் அறிக்கைக்குப் போதும். குறைப்பதற்கு எந்த வண்டி, எந்த வேலை என்று தெரிய வேண்டும். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள எஞ்சின்களில் கணினியே எரிபொருள் வேகத்தைக் கணித்துக்கொண்டிருக்கும். எஸ்.ஏ.இ. ஜே1939 என்ற தொடர்பு நெறிமுறை வழியாக அதை எடுக்கலாம். மணிக்கு எத்தனை லிட்டர் என்ற உடனடி அளவும், இதுவரை எரித்த மொத்த லிட்டரும், எஞ்சின் ஓடிய மணிநேரமும் அதில் கிடைக்கும். உடனடி அளவை நொடிக்கு நொடி எடுத்துக் கூட்டுவதைவிட, மொத்த லிட்டரின் தொடக்க, இறுதி எண்களை எடுத்துக் கழிப்பது நல்லது. நடுவில் நெட்வொர்க் போனாலும் கணக்கு போகாது.

ஆனால் அந்த எண் அளந்தது இல்லை. இன்ஜெக்டருக்கு எவ்வளவு நேரம் திறக்கச் சொன்னோம் என்பதிலிருந்து எஞ்சின் கணினி போட்ட கணக்கு. இன்ஜெக்டர் தேய்ந்தால் விலகும். அதனால் மாதம் ஒருமுறை பவுசர் சீட்டோடு ஒப்பிட்டு, வண்டிக்கு ஒரு திருத்தக் காரணி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய எஞ்சினில் இது எதுவும் இருக்காது. அப்போது எச்.எம்.ஆர். (எஞ்சின் ஓடிய மணிக்கணக்கு) பதிவேட்டின் மணிநேரமும் சுமைக் காரணியும்தான் கதி. 750 கிலோவாட் எஞ்சின், சராசரியாகத் தன் திறனில் 35 சதவீதம் பயன்படுத்துகிறது, ஒரு கிலோவாட் மணிக்கு 0.215 கிலோ டீசல் எரிக்கிறது என்று வைத்தால், 750 பெருக்கல் 0.35 பெருக்கல் 0.215, அதை 0.83ஆல் வகுத்தால் மணிக்கு 68 லிட்டர். சுமைக் காரணியை 30 சதவீதம் என்று ஊகித்திருந்தால் 58 லிட்டர். ஊகம் ஐந்து புள்ளி நகர்ந்தால் மணிக்குப் பத்து லிட்டர் நகர்கிறது. எனவே இதை மொத்தக் கணக்குக்குப் பயன்படுத்தாதீர்கள். கையில் இருக்கும் மொத்த லிட்டரை வண்டிகளுக்குப் பங்கிட மட்டும் பயன்படுத்துங்கள். பங்கிடும்போது தவறு வண்டிகளுக்கு இடையில்தான் இருக்கும், அறிக்கைக்குப் போகாது.

ஆறாம் படி: டன்னுக்கு எவ்வளவு?

உற்பத்தி குறைந்த ஆண்டில் கார்பனும் குறையும். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆகவே நகர்த்திய டன்னுக்கு எத்தனை கிலோ என்ற விகிதமும் வேண்டும். இங்கே எந்த டன் என்பதில் கவனம். பெல்லாரியில் 2011இல் உச்ச நீதிமன்றம் சுரங்க வேலையை நிறுத்திவைத்த காலத்துக்குப் பிறகு, வெளியே போகும் தாதுவின் எடைமேடைக் கணக்கு இறுகிவிட்டது. அந்த எண் நல்ல எண். ஆனால் டம்பர் அதைவிட அதிகமாக மேல்மண்ணைச் சுமந்திருக்கலாம், அது எடைமேடைக்கே போகாது. வெளியே போன தாது டன்னை மட்டும் வகுத்தியாக வைத்தால், மேல்மண் அதிகம் எடுத்த ஆண்டில் ஓட்டுநர்கள் திடீரென்று மோசமாகிவிட்டது போலத் தெரியும். நில அளவையாளர் தரும் கன மீட்டரை அடர்த்தியால் பெருக்கி, மண்ணையும் தாதுவையும் சேர்த்த மொத்த டன்னைப் போடுங்கள். முடிந்தால் தூக்கிய உயரத்தையும் எக்செல்லில் தனி நெடுவரிசையாக வையுங்கள். பள்ளம் ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகும்.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இதையே உங்கள் டீசல் பதிவேட்டைச் சோதிக்கவும் பயன்படுத்தலாம். வெற்று எடை 70 டன், சுமை 90 டன், மொத்தம் 160 டன் உள்ள டம்பர் 100 மீட்டர் உயரம் ஏறுகிறது. புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 157 மெகாஜூல். பாதையின் சரிவு 16க்கு 1 என்றால் 1.6 கிலோமீட்டர் தூரம். சக்கரம் உருளும்போது பாதை தரும் தடை (உருளும் தடை) வண்டி எடையில் இரண்டு சதவீதம் என்றால் இன்னும் 50 மெகாஜூல். மொத்தம் 207. எஞ்சின், கியர் இரண்டின் இழப்பையும் சேர்த்து டீசலின் ஆற்றலில் 34 சதவீதம் சக்கரத்துக்கு வருகிறது என்று வைத்தால், தேவை 609 மெகாஜூல், சுமார் 17 லிட்டர். இது ஏறுவதற்கு மட்டும். இறக்கம், ஷவலுக்கு வரிசையில் நிற்பது, ஏசியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் ஐட்லிங் எல்லாம் தனி. ஆகவே பதிவேடு டிரிப்புக்கு 12 லிட்டர் என்று காட்டினால் ஆபரேட்டரைப் பாராட்டாதீர்கள், டிரிப் ஷீட்டைப் பாருங்கள். இயற்பியல் விதியை மீறி வண்டி ஏறாது. டிரிப் எண்ணிக்கை கூட்டி எழுதப்பட்டிருக்கும், அல்லது வண்டிகள் அரைச் சுமையோடு போயிருக்கும்.

இன்னொன்றும் இதில் தெரியும். மழைக்குப் பிறகு பாதை கெட்டு உருளும் தடை இரண்டிலிருந்து நான்கு சதவீதமானால், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கூடுதலாக நான்கு லிட்டர், சுமார் 11 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பாதையைச் சீராக வைத்திருக்கும் கிரேடரும் தண்ணீர் டேங்கரும் எரிக்கும் டீசலைக் குறைத்தால் கார்பன் குறையும் என்று பெங்களூரில் உட்கார்ந்து யோசனை சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

ஏழாம் படி: புகைக்குழாயில் கருவி எப்போது?

வண்டியிலேயே பொருத்தும் பெம்ஸ் என்ற, எடுத்துச் செல்லக்கூடிய உமிழ்வு அளவைக் கருவி இருக்கிறது. அகச்சிவப்புக் கதிரை வைத்துக் கார்பன் டை ஆக்சைடின் செறிவை அளக்கும், தனிக் குழாயில் புகையின் ஓட்டத்தை அளக்கும், இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கிராம் என்று வரும். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்களிடம் இந்தக் கருவி உண்டு.

கார்பன் டை ஆக்சைடுக்காக மட்டும் இதைக் கூப்பிடுவது வீண் செலவு. லிட்டர் கணக்கே அதைவிடத் துல்லியம். நைட்ரஸ் ஆக்சைடின் உண்மை அளவு வேண்டும், அல்லது இரண்டு எரிபொருள்களை ஒப்பிட வேண்டும், அல்லது நைட்ரஜன் ஆக்சைடுகளும் துகள்களும் தொழிலாளர் நலனுக்காகத் தெரிய வேண்டும் என்றால் அர்த்தம் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு அதற்கென்று தனி அளவி வேண்டும், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய டம்பரில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வி வடிவ எஞ்சின்களில் புகை இரண்டு குழாய்களில் பிரிந்து வரலாம். ஈரமண் ஒட்டாமலிருக்க, சூடான புகையைச் சுமைத்தொட்டியின் அடிப்பகுதி வழியாகவே விடும் வடிவமைப்பும் உண்டு. ஓட்ட அளவியை எங்கே மாட்டுவது என்பதைச் சோதனை நாளுக்கு முன்பே ஒர்க்ஷாப் ஃபோர்மனோடு பேசி முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: பிழையும் கோப்பும்

லிட்டரில் இரண்டு சதவீதம், அடர்த்தியில் ஒன்று, காரணியில் இரண்டு என்று பிழை இருந்தால் அவற்றை அப்படியே கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நான்கும் ஒன்றும் நான்கும் ஒன்பது, வர்க்கமூலம் மூன்று. நம் உதாரணத்தின் 555 டன்னில் மூன்று சதவீதம், சுமார் 17 டன் இப்படியோ அப்படியோ. இந்த ஒரு வரி இருந்தால், அடுத்த ஆண்டு ஒரு சதவீதம் குறைந்ததைச் சாதனையாக எழுதச் சொல்லி யாரும் உங்களை நெருக்க முடியாது.

கோப்பில் இருக்க வேண்டியவை: டீசல் இன்வாய்ஸ்களும் சலான்களும், டிப் பதிவேட்டின் நகல், பவுசர் மீட்டரைச் சோதித்த சான்று, வண்டிப் பட்டியல், காரணிகள் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டன என்ற குறிப்பு, வெப்பமாக்கும் திறன் எந்த ஐ.பி.சி.சி. அறிக்கையின்படி என்ற குறிப்பு, ஒப்பந்த வண்டிகளை எந்த ஸ்கோப்பில் வைத்தோம் என்பதற்கான ஒரு பக்க விளக்கம். நைட்ரஸ் ஆக்சைடுக்கு நான்காவது அறிக்கை 298 என்றது, ஐந்தாவது 265 என்றது, ஆறாவது 273 என்கிறது. நடுவில் மாற்றினால், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் அடிப்படை ஆண்டின் கணக்கையும் சேர்த்துத் திருத்துங்கள். 2023-24 முதல் முன்னணி 150 நிறுவனங்களில் தொடங்கி, பி.ஆர்.எஸ்.ஆர். கோர் எனப்படும், அந்த அறிக்கையின் முக்கியப் பகுதியில் உள்ள எண்களை வெளியார் சரிபார்க்கும் முறை படிப்படியாக வந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கேட்பது பெரும்பாலும் எக்செல் ஃபார்முலாவை அல்ல, ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமையின் பவுசர் சீட்டை.

இவ்வளவும் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் சைட்டில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். மாதத்தின் கடைசி இரவு ஷிஃப்ட் முடிந்து, காலை ஷிஃப்ட் வண்டி எடுக்கும் முன், தொட்டி டிப், பவுசர் மீட்டர், எல்லா வண்டிகளின் எச்.எம்.ஆர். மூன்றையும் ஒரே அரைமணி நேரத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். முதல் இரண்டு மாதம் நீங்களே காலையில் போன் போட்டு நினைவூட்ட வேண்டியிருக்கும்.